நாக்குக்கு மேலே நான்கு மில்லிமீட்டர்

டொராண்டோ நகரின் கிழக்குப் பகுதியில், 1950களில் கட்டப்பட்ட சிறிய தனிவீடு ஒன்றை 2017இல் வாங்கினோம். கூடம், உணவறை, படுக்கையறைகள் என்று எல்லா இடத்திலும் சுவருக்குச் சுவர் பழுப்புநிறக் கம்பளம் பொருத்தப்பட்டிருந்தது. குடிவந்த முதல் வாரத்தில் அதன் ஒரு மூலையைக் குறடால் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். இரண்டேகால் அங்குல அகலமுள்ள சிவப்பு ஓக் பலகைகள், இடைவெளி தெரியாமல் ஒன்றோடொன்று கோத்து, சுவரின் அடிவரை ஓடின. அந்தக் காலத்து வீடுகளில் இங்கே ஓக் தரை சாதாரணமானது. பின்னாளில் கம்பளம் விரும்பப்பட்டபோது அதன்மேலேயே விரித்துவிட்டார்கள். அப்படி மறைந்து கிடந்ததால்தான் பல தரைகள் பிழைத்தன என்று இப்போது நினைக்கிறேன்.

கம்பளத்தை முழுவதும் அகற்றியபோது தெரிந்த தரை மோசமாக இல்லை. பழைய பூச்சு மங்கியிருந்ததே தவிர, மரம் நன்றாகவே இருந்தது. ஆகவே, மரம்வரை தேய்க்க வேண்டியதில்லை, பழைய பூச்சின் மேல்முகத்தைச் சற்றே சொரசொரப்பாக்கிப் புதிதாக இரண்டு கோட் பூசினால் போதும் என்று முதலில் வந்த ஒப்பந்தக்காரர் சொன்னபோது, செலவு பாதியாகக் குறைகிறதே என்று உடனே ஒப்புக்கொண்டேன். அவர் சொன்ன முறை சரியானதுதான். ஆனால் அதற்கு முன் செய்தே ஆகவேண்டிய சோதனையை அவர் செய்யவில்லை. அப்படியொரு சோதனை உண்டு என்பது எனக்கும் தெரியாது. மூன்றாம் மாதம், உணவுமேசை நாற்காலிகள் இழுபடும் இடத்தில் பூச்சு வெளுத்துப் பொரிந்தது. நகத்தை விட்டு நெம்பினால், வெயிலில் வெந்த தோல் உரிவதுபோல உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் கூடத்தில் நாங்கள் நடக்கும் வழி முழுவதும் அப்படி ஆகிவிட்டது.

காரணம் மெழுகு. கம்பளம் விரிப்பதற்கு முன், அந்தத் தரையை யாரோ பல ஆண்டுகள் அக்கறையோடு மெழுகு தேய்த்துப் பராமரித்திருக்கிறார்கள். முற்றும் இறுகிய ஒரு பூச்சின்மேல் பூசப்படும் புதிய பூச்சு, பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுவதில்லை. உப்புத்தாள் கீறிய நுண்ணிய பள்ளங்களுக்குள் வழிந்து இறங்கி, அங்கேயே இறுகிக் கவ்விக்கொள்வதுதான் அதன் பிடிப்பு. அந்தப் பள்ளங்களில் மெழுகோ, சிலிக்கோன் கலந்த பளபளப்புத் திரவமோ, எண்ணெய்ச் சோப்பின் படிவோ இருந்தால் அது எதையும் கவ்வ முடியாது. இதைக் கண்டுபிடிக்க, வெள்ளைத் துணியில் மினரல் ஸ்பிரிட் என்னும் பெயின்ட் கரைப்பானை நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்தாலே போதும். மெழுகு இருந்தால் துணியில் மஞ்சளாக ஏறும். பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டில் ஒரு சொட்டு விட்டு, அந்த இடம் பிசுபிசுத்தால் பழைய பூச்சு அவலரக்கு (ஷெல்லாக்) என்று பொருள். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது. அந்தப் பத்து நிமிடம் செலவழிக்கப்படாததால் என் தரை முழுவதையும் மரம்வரை தேய்க்கவேண்டி வந்தது.

இரண்டாம் முறை வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் மரத்தரை வேலை செய்கிறார். அண்ணா என்றே அவரை அழைப்பேன். வந்ததும் அவர் பூச்சைப் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் உலையிலிருந்து வெப்பக்காற்று மேலேறும் தரைத் துவாரத்தின் இரும்பு மூடியைக் கழற்றி, குப்புறப் படுத்துக்கொண்டு, அங்கே வெட்டுமுகமாகத் தெரிந்த பலகையின் கனத்தைச் சிறிய அளவுகோலால் அளந்தார். பிறகு எழுந்து, “தம்பி, இந்த முறையோடை சேர்த்து இன்னும் ரெண்டு தரம்தான் தேய்க்கலாம். அதுக்குப் பிறகு ஆணி தெரியும்” என்றார்.

அவர் அளந்தது பலகையின் முழுக் கனத்தை அல்ல. இந்தப் பலகைகள் முக்கால் அங்குலக் கனமுள்ளவை. ஒரு பக்கத்தில் நாக்கும் மறுபக்கத்தில் காடியுமாக ஒன்றினுள் ஒன்று புகுந்து நிற்பவை. ஆணியை நாக்கின் மேல் சாய்வாக அடித்து, அடுத்த பலகையின் காடியால் அதை மறைத்துவிடுவார்கள். ஆகவே நாக்குக்கு மேலே இருக்கும் மரம் மட்டுமே தேய்ப்பதற்கு உரியது. புதிய தரையில் அது கால் அங்குல அளவு, அதாவது ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். என் தரையில் மீதி இருந்தது நான்கு. கவனமாகத் தேய்த்தாலும் ஒரு முழுத் தேய்ப்பில் முக்கால் மில்லிமீட்டர் போல் போய்விடும். காடியின் மேல் உதடு இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்தால், அதன்மேல் கால் பட்டே பிளந்து சிலாம்பாகத் தெறிக்கத் தொடங்கும்.

அதுவரை நான் கடைகளில் கேட்டுக்கொண்டிருந்தது, எந்தப் பூச்சு மிகவும் கடினமானது என்பதை. அந்த நான்கு மில்லிமீட்டரைப் பார்த்தபின் கேள்வி வேறாகிவிட்டது: இனி மரத்தைத் தொடாமலே, பூச்சின்மேல் பூச்சாக இந்தத் தரையை எத்தனை ஆண்டுகள் காக்கலாம்? இரண்டும் ஒரே கேள்விபோல் தோன்றும், பதில்கள் வேறு. எந்தப் பூச்சும் தேயும். தேய்ந்த பூச்சு, மரம் வெளிப்படுவதற்கு முன் அடுத்த கோட்டை ஏற்றுக்கொள்ளுமா, அதை ஒரே நாளில் செய்ய முடியுமா, வீட்டில் இருப்பவர்கள் அதைத் தாங்குவார்களா என்பவைதான் நான் கேட்டிருக்க வேண்டியவை.

பூச்சின் கனத்தை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். மரத்தின்மேல் பிளாஸ்டிக் படலமாக இறுகும் பூச்சு பாலியூரித்தேன். தண்ணீர் கலந்த வகையில் ஒரு கோட் உலர்ந்தபின் நிற்பது ஏறத்தாழ 25 மைக்ரான்; மூன்று கோட் சேர்ந்தால் ஒரு தலைமுடியின் பருமன். அந்தத் தலைமுடிப் பருமனை ஒரு குடும்பத்தின் எல்லாக் கால்களும் எல்லா நாற்காலிகளும் தேய்க்கின்றன. அதைவிட முக்கியம், வாசலில் வந்து சேரும் மணல். டொராண்டோவில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை நடைபாதைகளில் பனி வழுக்காமலிருக்க உப்பும் மணலும் தூவுகிறார்கள். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரண எஃகையே கீறக்கூடியது. எந்தப் பிளாஸ்டிக் படலமும் அதற்கு ஈடுகொடுக்காது. காலணியை வாசலில் கழற்றும் நம் வழக்கம் இங்கே கனடியர்களுக்கும் உண்டு என்பது மரத்தரைகளின் நல்லூழ்.

பள்ளம் விழுவது வேறு விஷயம். பிரஷர் குக்கரின் மூடி கைதவறி விளிம்பில் விழுந்தால் மரம்தான் அமுங்கும். மேலே இருக்கும் பூச்சு மரத்தோடு சேர்ந்து வளையும், அவ்வளவே. மரத்தின் இந்த எதிர்ப்பை ஜான்கா சோதனையால் அளக்கிறார்கள். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதிவரை அமுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது கணக்கு. சிவப்பு ஓக்குக்கு 1,290. கனடாவின் சர்க்கரை மேப்பிளுக்கு 1,450. நாம் உறுதிக்கு உவமை சொல்லும் தேக்கு ஏறத்தாழ 1,070தான். தேக்கின் பெருமை கரையானையும் நீரையும் தாங்குவதில் இருக்கிறது, குண்டுக்கு ஈடுகொடுப்பதில் இல்லை. ஆகவே பள்ளம் விழாத பூச்சு என்று யாராவது விற்றால் அதை நம்ப வேண்டாம்.

இனி, நான் எடைபோட்ட பூச்சுகளைப் பற்றி.

பழைய வீடுகளில் இருந்தது பெரும்பாலும் அவலரக்கும் அதன்மேல் மெழுகும். இந்தியக் காடுகளில் பலாசு, இலந்தை மரக் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினைச் சுத்தம்செய்து செதிலாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்தால் கிடைப்பது அது. அதன் நிறத்துக்கு ஈடான நிறத்தை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. புதிய கோட் பழைய கோட்டைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும் என்பதால் பழுதுபார்க்க இதைவிட எளிய பூச்சும் கிடையாது. ஆனால் ஈரத் தம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். சூடான பாத்திரம் பட்டால் இளகும். கை சுத்திகரிப்பான் சொட்டினால் கரையும். நாள்தோறும் சமைக்கும் வீட்டுத் தரைக்கு அதைத் தேர்ந்தெடுக்க மனம் வரவில்லை.

அமிலத்தால் இறுகும் வார்னிஷ், காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகும் யூரித்தேன் ஆகிய இரண்டும் மிகக் கடினமானவை. முன்னது உலரும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிடுகிறது. பின்னதில் மூச்சுக்குழாயை உறுத்தும் ஐசோசயனேட்டும் மிகுந்த கரைப்பானும் உண்டு. பந்துருட்டு விளையாட்டுத் தளங்களுக்கு அவை பொருந்தலாம். அம்மா எங்களோடு இருக்கிறார், அவருக்கு ஆஸ்துமா. அந்த இரண்டையும் பற்றி மேலே யோசிக்கவில்லை.

எண்ணெய் கலந்த பாலியூரித்தேனை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. பாலியூரித்தேன் வேதியியலுக்கு 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் வழிவகுத்தார். பின்னர் உலரும் தாவர எண்ணெய்களோடு அதைப் பிணைத்து உருவான இந்தப் பூச்சு, வட அமெரிக்க வீடுகளில் பல பத்தாண்டுகள் மரத்தரையின் வழக்கமான பூச்சாக இருந்துவந்திருக்கிறது. விலை குறைவு. ஒரு கோட்டிலேயே நல்ல கனம் நிற்கும். மெதுவாக உலர்வதால், பழக்கமில்லாத கையும் தூரிகைத் தடம் தெரியாமல் பூசிவிடலாம். ஓக்கின் மேல் அது தரும் தேன் நிறம் கண்ணுக்கு இதமானது. அந்த நிறம் ஆண்டுக்காண்டு கூடி, பத்தாண்டுகளில் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதுதான் சிலருக்குக் குறை. எனக்கு இருந்த தயக்கம் வேறு. கோட்டுக்குக் கோட் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். கம்பளம் விரிக்கும் அளவுக்கு முற்றும் இறுக ஒரு மாதம் ஆகும். அதுவரை வீட்டில் மணம் இருந்துகொண்டே இருக்கும். ஆவியாகும் கரைப்பான்களுக்குக் கனடா 2009இல் வரம்பு விதித்துவிட்டது என்றாலும், மூச்சுத்திணறல் உள்ளவரை அந்த மணத்தில் உட்காரவைக்க முடியாது. மறுபூச்சு ஒவ்வொன்றுக்கும் அவரை வேறு வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்றால் நான் மறுபூச்சைத் தள்ளிப்போடுவேன், தள்ளிப்போட்டால் மரம் வெளிப்படும். என் கணக்கில் அந்தப் பூச்சு தோற்ற இடம் அதுதான்.

எண்ணெய்ப் பூச்சு எதைத் தொட்டாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உலரும் எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் உண்டாகிறது. விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும், சுருட்டிக் குவித்த துணியில் உள்ளேயே தங்கித் தீயாகும். 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில், மரப்பலகைகளைப் புதுப்பித்தவர்கள் 22ஆம் மாடியில் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் தாமாகப் பற்றிக்கொண்டன. தீ மாடி மாடியாக ஏறி, 30ஆம் மாடியில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்ததால்தான் நின்றது. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். வேலை முடிந்ததும் துணிகளை வெளியே ஒற்றையாக விரித்து உலர்த்தவேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் அமிழ்த்தி மூடவேண்டும். பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போதே, மீந்த துணியை எங்கே வைப்பது என்பதையும் தீர்மானித்துவிடுவது நல்லது.

என்னை நெடுநாள் ஊசலாட வைத்தது கடின மெழுகெண்ணெய். பெல்ஜியத்தின் ரூபியோ மோனோகோட், ஜெர்மனியின் ஆஸ்மோ போன்றவை இந்த வகை. இவை தடித்த படலமாக நிற்காமல் மரத்தின் மேலடுக்கிலேயே ஊறி இறுகுகின்றன. கையால் தடவினால் மரமே கையில் படும். ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அந்த ஓரிடத்தை மட்டும் தேய்த்து எண்ணெய் தடவிவிடலாம். பாலியூரித்தேனில் அப்படிச் செய்தால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். மரத்தை இழக்காமல் தரையைக் காக்கவேண்டும் என்ற என் நோக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றே முதலில் எண்ணினேன்.

ஆனால் எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பூசையறை கூடத்தின் ஒரு மூலைதான். குத்துவிளக்கிலிருந்து நல்லெண்ணெய் சொட்டும். ஆகவே சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தேன். நிலவறையில் பழைய ஓக் பலகைத் துண்டுகள் சில மீந்து கிடந்தன. அவற்றைத் தேய்த்து, ஒன்றில் எண்ணெய் கலந்த பாலியூரித்தேன், ஒன்றில் மெழுகெண்ணெய், ஒன்றில் இரண்டு பொருள் கலந்து பூசும் தண்ணீர்ப் பாலியூரித்தேன், ஒன்றில் எதுவும் பூசாமல், ஒரு மாதம் ஆறவிட்டேன். பிறகு ஒவ்வொன்றிலும் குழைத்த மஞ்சள், நல்லெண்ணெய், புளிக்கரைசல், காப்பி டிகாக்‌ஷன் ஆகியவற்றைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஓர் ஈரமான இரும்புக் கரண்டியையும் படுக்கவைத்து, இரவு முழுவதும் விட்டேன்.

காலையில், தண்ணீர்ப் பாலியூரித்தேன் பூசிய துண்டு ஈரத்துணியால் துடைத்ததும் ஏறத்தாழ பழைய நிலைக்கு வந்தது. எண்ணெய்ப் பாலியூரித்தேனில் மஞ்சள் மிக மெல்லிய சாயலாக நின்றது. மெழுகெண்ணெயில் மஞ்சள் நன்றாகவே பிடித்திருந்தது. சன்னலோரம் வெயிலில் வைத்தபோது இரண்டு வாரத்தில் வெளுத்துவிட்டது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் ஒளியில் சிதையக்கூடியது. மஞ்சள் பட்ட வேட்டியை வெயிலில் காயப்போட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் வெயில் படாத உணவறையில் அந்தக் கறை அப்படியே இருக்கும். பூச்சில்லாத துண்டில், கரண்டி கிடந்த இடம் மை ஊற்றியதுபோல் கறுத்துவிட்டது. மெழுகெண்ணெய்த் துண்டிலும் கரண்டி விளிம்பின் வடிவம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

அந்தக் கறுப்பைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். ஓக் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப்பொருள் உண்டு. ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் அது கறுப்பாகிறது. குழந்தைகளுக்கு உரைமருந்து இழைக்கும்போது நாம் சேர்க்கும் மாசிக்காய், ஓக் இனத்து மரமொன்றில் சிறு குளவிகள் முட்டையிடுவதால் உண்டாகும் முடிச்சுதான். அதையும் இரும்பின் உப்பையும் சேர்த்தே ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதுமை காய்ச்சினார்கள். என் கூடத்தில் சன்னலுக்குக் கீழே, முன்பு யாரோ இரும்புத் தட்டில் பூந்தொட்டி வைத்திருந்த இடத்தில், தட்டின் அளவுக்குக் கறுப்பு வட்டம் ஒன்று இருந்தது. தேய்ப்பில் அது போகவில்லை. மரத்துக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. அதைப் போக்க மேலும் தேய்த்திருந்தால் அங்கே குழி விழுந்திருக்கும். ஆக்சாலிக் அமிலக் கரைசலை இரண்டு முறை தடவி, பிறகு நன்றாகக் கழுவி உலரவிட்டபோது, அது வெளிறிய பழுப்பாகக் குறைந்தது. தண்ணீர் மரத்துக்குள் போகாமல் தடுப்பது ஓக் தரைக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த வட்டத்தைவிடத் தெளிவான சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மெழுகெண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. ஒருமுறை அதைப் பூசிவிட்டால், பின்னாளில் மனம் மாறிப் பாலியூரித்தேன் பூச விரும்பினால் மரம்வரை தேய்த்தாகவேண்டும். மெழுகின் மேல் மற்றது நிற்காது என்ற பாடத்தை நான் ஏற்கெனவே விலைகொடுத்துப் படித்திருந்தேன். இரண்டு தேய்ப்பு மட்டுமே மிஞ்சிய தரையில் அந்த வழியை மூட நான் விரும்பவில்லை. பிள்ளைகள் இல்லாத, வெயில் நிறைய விழும், தரையில் உட்கார்ந்து உண்ணாத வீடாக இருந்தால் அதைத்தான் பூசியிருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆக, இரண்டு பொருள் கலந்து பூசும் தண்ணீர்ப் பாலியூரித்தேன். சுவீடனின் போனா, ஜெர்மனியின் லோபா போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. பால்போன்ற திரவத்தில், பூசுவதற்குச் சற்றுமுன் இறுக்கியைக் கலந்து குலுக்க வேண்டும். அது மூலக்கூறுகளைக் குறுக்காகப் பிணைத்து, தனிப்பொருளாக வரும் பூச்சைவிடத் தேய்வுக்கும் இரசாயனங்களுக்கும் கூடுதலாகத் தாங்கவைக்கிறது. கலந்தபின் சில மணி நேரத்துக்குள் பூசி முடித்தாகவேண்டும். மீதியை அடுத்த நாளுக்கு வைக்க முடியாது. இறுக்கியில் ஐசோசயனேட் இருப்பதால் பூசுபவர் கையுறையும் உரிய மூச்சுமூடியும் அணிவது கட்டாயம். மணம் குறைவாக இருப்பதை வைத்துத் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் கோட் உலர்கிறது, மறுநாள் காலுறையோடு நடக்கலாம், ஒரு வாரத்தில் பெரும்பாலும் இறுகிவிடுகிறது. நாங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு நண்பர் வீட்டில் ஐந்து இரவுகள் தங்கினோம். திரும்பி வந்தபோது அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

விலை, எண்ணெய்ப் பூச்சைவிடப் பல மடங்கு. தரைவேலையின் மொத்தச் செலவில் பெரும்பகுதி தேய்ப்பதற்கான கூலி என்பதால், பூச்சில் மிச்சம்பிடிப்பது உண்மையில் பெரிய மிச்சமாகாது.

நிறத்தில் ஒரு சிக்கல் இருந்தது. தண்ணீர்ப் பூச்சு கண்ணாடிபோல் தெளிவானது. சிவப்பு ஓக்கின் மேல் நேராகப் பூசினால் மரத்தின் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும், பார்வைக்குச் சற்று வெளிறித் தெரியும். இதற்காகவே தேன்சாயல் தரும் அடிப்பூச்சுகள் வருகின்றன. அதில் ஒரு கோட், மேலே மூன்று கோட் என்று முடிவுசெய்தோம். அடிப்பூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு என்று அண்ணா விளக்கினார். டொராண்டோ வீடுகளில் கோடையில் காற்று ஈரமாகவும், குளிர்காலத்தில் உலை ஓடும்போது மிகவும் வறண்டும் இருப்பதால் பலகைகள் ஆண்டுதோறும் உப்பிச் சுருங்குகின்றன. சில தண்ணீர்ப் பூச்சுகள் இடுக்குக்குள் இறங்கிப் பக்கத்துப் பலகைகளைப் பசைபோல் ஒட்டிவிடும். அப்போது பலகைக்குப் பலகை சிறு இடைவெளியாகப் பிரிந்திருக்க வேண்டிய சுருக்கம், ஏழெட்டுப் பலகைக்கு ஒன்றாக விரல் நுழையும் பிளவாகத் திறக்கும். அந்த ஒட்டுதலைக் குறைக்கும் அடிப்பூச்சை அவர் தேர்ந்தெடுத்தார். குளிர்காலத்தில் ஈரப்பதமூட்டியை ஓடவிட்டு, வீட்டின் ஈரப்பதத்தை 35 சதவீதத்துக்குக் கீழே போகவிடாமல் நாங்களும் பார்த்துக்கொள்கிறோம்.

பளபளப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: குடும்பம் புழங்கும் தரைக்கு முழுப் பளபளப்பு வேண்டாம். எதிரொளிக்கும் தரையில் ஒவ்வொரு மயிரிழைக் கீறலும் வெளிச்சத்தில் கோடாகத் தெரியும். அரைப் பளபளப்பில் அவை கரைந்துபோகும். அதற்காகப் பூச்சில் கலந்திருக்கும் மங்கலாக்கும் தூள் டப்பாவின் அடியில் படிந்துவிடும் என்பதால், ஊற்றுவதற்கு முன் நன்றாகக் கலக்க வேண்டும். இல்லையேல் கூடம் ஒரு சாயலும் அறை ஒரு சாயலுமாக நிற்கும்.

2018 ஜூன் மாதம் வேலை நடந்தது. 36, 60, 80, 100 என்று உப்புத்தாளின் எண்ணைப் படிப்படியாக ஏற்றித் தேய்த்தார்கள். ஓரங்களில் சிறிய இயந்திரம், மூலைகளில் கையால் இழுக்கும் சுரண்டி. அவசரப்பட்டு ஓர் எண்ணைத் தாண்டினால், முந்தைய தாளின் கீறல் பூச்சுக்கு அடியில் சிறைப்பட்டுக் காலத்துக்கும் தெரியும் என்று அண்ணா தன் ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். திருநெல்வேலியில் நான் வளர்ந்த வீட்டில் சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரை; அதன் நிறம் கனம் முழுவதும் ஊறியிருந்ததால், கால்கள் தேய்க்கத் தேய்க்க அது மேலும் மினுங்கியது. தேய்வே மெருகாகும் தரையில் பழகிய எனக்கு, தலைமுடிப் பருமனைக் காவல்காக்க வேண்டிய இந்தத் தரை முதலில் விசித்திரமாகவே இருந்தது.

காவல் என்பது எளிய காரியங்கள்தான். வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு மிதியடிகள். நாற்காலிக் கால்களில் கம்பளி வில்லைகள். அவற்றில் மணல் ஏறிவிட்டால் அவையே உப்புத்தாளாகிவிடும் என்பதால் ஆண்டுக்கு இருமுறை மாற்றுகிறோம். நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பது. வாளியோடு தண்ணீர் ஊற்றுவதில்லை, நீராவித் துடைப்பானை அண்டவிடுவதில்லை. குத்துவிளக்குக்கு அடியில் பித்தளைத் தாம்பாளம். கடையில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், பளபளப்பூட்டும் திரவம் எதையும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

2024 மே மாதம், கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் பூச்சு சற்று மங்கியதைக் கண்டேன். தண்ணீர்ச் சொட்டு வைத்தால் இன்னும் முத்தாகவே நின்றது, மரம் வெளிப்படவில்லை. இதுவே சரியான தருணம் என்று அண்ணாவை அழைத்தேன். இந்த முறை, முதலில் ஒரு மூலையில் வலைத்தாளால் (வலைபோன்ற உப்புத்தாள்) தேய்த்து ஒரு கை அகலத்துக்குப் பூசிக் காயவிட்டு, மறுநாள் கத்தியால் கட்டம்கட்டமாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்திப் பிய்த்துப் பார்த்தோம். நாடாவில் எதுவும் வரவில்லை. அதன்பின் காலையில் தொடங்கிய வேலை, தரை முழுவதையும் வலைத்தாளால் மங்கலாக்கித் தூசியை உறிஞ்சி ஒரு கோட் பூசி, பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்தது. அம்மா அன்று பகல் முழுவதும் பேரப்பிள்ளைகளோடு நூலகத்தில் இருந்தார். அன்றிரவு மட்டும் நண்பர் வீட்டில் தங்கினோம்.

பூச்சு இறுகியபின், அதே காற்றுத் துவாரத்தின் மூடியைக் கழற்றி, நானும் குப்புறப் படுத்து அளந்தேன். 2018இல் தேய்த்தபின் இருந்த அளவு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், இப்போதும் அதேதான். மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதியையும் பூச்சின் பெயரையும் கோட் எண்ணிக்கையையும் ஆங்கிலத்தில் எழுதினேன், எங்களுக்குப் பின் இந்த வீட்டில் யார் வாழ்வார்கள் என்று தெரியாது என்பதால். ‘மெழுகு பூசப்படவில்லை’ என்ற வரி 2018இலேயே எழுதியிருந்தது. மை மங்கியிருந்ததால் அதன்மேல் மீண்டும் ஒருமுறை அழுத்தி எழுதி, மூடியைத் திருகிப் பொருத்தினேன்.